ஒற்று மிகும் இடம்

சனிக்கிழமை காலை, புக்கிட் பாத்தோக்.
ஈரத் துணிக்கம்பை உள்ளே இழுத்துவிட்டு
மின்னஞ்சலைத் திறந்தேன்.
வெள்ளிப்பை செயலியிலிருந்து ஒரு கடிதம்.

"தங்கள் கணக்கைத் தற்காலிகமாக முடக்கியுள்ளோம்.
கீழே ஓர் இணைப்பு உள்ளது.
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதைச் சொடுக்கி
விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளவும்."

பத்தொன்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவள் நான்.
மின்தூக்கி அறிவிப்பைக்கூடச்
சிவப்புப் பேனா இல்லாமல் படிக்க வராது எனக்கு.
இதில் ஒரு பிழை இல்லை.
கணக்கைத் என்பதில் த் இருந்தது.
விவரங்களைச் என்பதில் ச் இருந்தது.
ஒரு இணைப்பு என்று எழுதாமல்
ஓர் இணைப்பு என்று எழுதியிருந்தான் மகராசன்,
அல்லது மகராசி.
இவ்வளவு அழகாக இதுவரை யாரும்
என்னை மிரட்டியதில்லை.

அங்கேதான் உறுத்தியது.

வெள்ளிப்பையை எனக்குத் தெரியும்.
"உங்கள் பணம் வெற்றிகரமாக தோல்வி அடைந்தது"
என்று போன மாதம் எழுதிய நிறுவனம்.
என்னை அது கூப்பிடுவது "அன்புள்ள டி ஓ".
படிவத்தில் இன்னார் மகள் என்பதற்கு இட்ட
இரண்டு ஆங்கில எழுத்தையும் சாய்கோட்டையும்
குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு
நான்கு வருடமாக அப்படியே அழைக்கிறது.
இந்தக் கடிதமோ
"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்றது.
மரியாதை வந்திருக்கிறது, பெயர் வரவில்லை.

அனுப்பியவர் முகவரியை விரித்துப் பார்த்தேன்.
வெள்ளிப்பைக்கு ஆங்கிலத்தில் இரண்டு எல்.
இரண்டாவது எல், எல் இல்லை.
ஒல்லியாக நின்றது ஒன்று என்ற இலக்கம்.
ரகரத்தையும் காலையும் ஒன்றாக்கிவிடும்
எழுத்துருக்களில் பழுதான கண் என்னுடையது,
அதற்கே இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது.

விரலை மடக்கிக்கொண்டேன்.

அப்போது ஒன்பதாம் மாடி குணசுந்தரி அழைத்தாள்.
இரவு வேலை முடித்து வந்தவள்.
"கார்டு நம்பர் போட்டுட்டேன்க்கா.
இப்ப ஆறு நம்பர் கேக்குது.
நல்ல தமிழ்ல வந்திருக்கு. சரிதானே?"
"தமிழ் சரி. கையை எடு."

செருப்பில்லாமல் இரண்டு மாடி இறங்கினேன்.
கடிதத்திலிருந்த எண்ணை அவள் அழைக்கப்போனாள்;
அட்டையின் முதுகிலிருந்ததை அழைக்கவைத்தேன்.
வங்கி பாட்டுப் போட்டுக் காக்கவைத்தது.
அவள் திரையில் அந்த ஆறு இலக்கம்
காலாவதியாகும்வரை
இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்,
அடுப்பில் பாலைப் பார்ப்பதுபோல.
அட்டை முடங்கியது. பணம் போகவில்லை.
"படிச்சவ நான்" என்று மட்டும் சொன்னாள்,
சீருடையோடு நாற்காலியில் உட்கார்ந்து.
என் விரலும் பாதித் தூரம் போனது என்றேன்.
பொய்யில்லை.

மேலே வந்து, இணைப்பைத் தொடாமல்,
செயலியை நானே திறந்தேன்.
கணக்கு எப்போதும்போல் இருந்தது,
பதினெட்டு வெள்ளி எழுபது காசோடு.
புகார் எழுதிப் போட்டுவிட்டு
அழிக்கும் முன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன்.

ஒற்று என்றால் மெய்யெழுத்து.
ஒற்று என்றால் வேவு.
இரண்டும் தெரிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார்.
வல்லினம் மிகும் இடங்களை
எந்த வகுப்பில் எழுந்து நின்று ஒப்பித்தார்?
பூட்டிய அறையில், பின்னால் ஒருவன்
எண்ணிக்கை கேட்டு நிற்க எழுதினாரா,
இல்லை, காலாட்டிக்கொண்டு சும்மாதானா?
நூற்றுக்கு நூறு என்று வாய்வரை வந்தது.
அழித்தேன்.

மதியம் பதில் வந்தது.
"அன்புள்ள டி ஓ,
உங்கள் புகாரை பெற்று கொண்டோம்.
விரைவில் உங்களை தீர்த்து வைப்போம்."

செயலிக்குள் போய் அங்கேயும் பார்த்தேன்.
அங்கேயும் என்னைத் தீர்த்துவைப்பதாகவே இருந்தது.
சரி, இவர்கள்தான்.